ஸ்டீவ் புளூமர் நினைவுப் பெட்டி: பந்து சரி, பூட்ஸ் வேண்டாம், புத்தகத்தை நம்பாதீர்கள்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலேயக் கால்பந்து வீரர் ஸ்டீவ் புளூமரின் நினைவாக விற்கும் இந்தப் பெட்டியை, உள்ளே இருக்கும் பந்துக்காக மட்டும் என்றால் வாங்கலாம். பூட்ஸ் கண்ணாடி அலமாரியில் வைக்கத்தான் லாயக்கு, காலில் போட அல்ல. கூட வருகிற 24 பக்கச் சிறுபுத்தகத்தில் ஸ்டீவ் புளூமரின் ஆட்டக் கதை என்று போட்டிருப்பதில் பாதி தப்பு, மீதியில் முக்கியமானது எதுவும் இல்லை. எல்லாம் சேர்த்து 140 பவுண்டு. பந்தை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டால் "செட்டாகத்தான் சார்" என்கிறார்கள்.

விற்பவரின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. இதே மாதிரிப் பெட்டி இணையத்தில் இரண்டு மூன்று இடங்களில் வேறு வேறு பெயரில் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். நான் ஆம்பூர்க்காரன். தோல் பதனிடும் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவன், இப்போது டார்பியில் குடியிருக்கிறேன். அதனால் தோலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புளூமர் யார் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1892 முதல் 1914 வரை ஆடிய ஆங்கிலேய முன்கள வீரர். எங்கள் ஊர்க் கிளப்பான டார்பி கவுண்டிக்காக 525 ஆட்டங்களில் 332 கோல். இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 28 கோல். இந்த ஊரில் இன்றும் சொந்த மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லித்தான் பாட்டுப் போடுகிறார்கள். கிளப்பின் சொந்த மைதானமான ப்ரைட் பார்க்கில் சொந்த அணியின் ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது, 2009-இல் வைத்தது. இங்கே வேலைக்கு வந்து ஊரோடு ஒட்டிப்போன நம்மவர்களின் பிள்ளைகளும் அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடுகிறார்கள். யாருடைய பாட்டு என்று கேட்டால்தான் முழிப்பார்கள். என் மகனும் அப்படித்தான். அவனுடைய பிறந்தநாளுக்கு என்றுதான் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

சரி, பந்து.

பதினெட்டுத் துண்டுத் தோல், கையால் தைத்தது. முதல் காரியமாகத் தையல் வாயைப் பிரித்துத் தோலின் வெட்டு விளிம்பைப் பார்த்தேன். உள்ளே வரை ஒரே பழுப்பு. நடுவில் நீலச் சாம்பல் கோடு ஓடினால் அது குரோம் போட்டுப் பதனிட்ட தோல், மேலே பழுப்புச் சாயம் அடித்து ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம். இதில் அப்படி இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், உடனே உறிஞ்சிக் கறுத்தது. மரப்பட்டைப் பதனீடுதான், சந்தேகமில்லை. அந்தக் காலத்துப் பந்துக்கு இதுதான் நியாயமான தோல். மதராஸ் மாகாணத்திலிருந்து ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் அப்போது கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்தது, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய டேனரிக்காரர்கள் இன்னும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனையில் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. என் மனைவிக்கு வேறு அபிப்பிராயம். பெட்டி இரண்டு நாள் கார் ஷெட்டில் இருந்தது.

அடுத்தது வாய். மலிவுப் பந்துகளில் லேஸ் வெறும் அலங்காரத்துக்கு. பின்பக்கம் சாதாரண வால்வு இருக்கும், ஊசி போட்டுக் காற்றடிக்கலாம். இதில் லேஸ் உண்மையானது. உள்ளே ரப்பர் பிளாடர், அதாவது காற்றுப் பை, அதற்கு ஒரு நீளக் கழுத்து. கழுத்து வழியாகக் காற்றடித்து, மடித்து, நூலால் இறுக்கிக் கட்டி, வாய்க்குள்ளே திணித்து, அதன் மேல் தோல் நாக்கை இழுத்துவிட்டு, பிறகு லேஸ் கோர்க்க வேண்டும். கோர்ப்பதற்குக் குத்தூசி மாதிரி ஒரு கொக்கி கொடுத்திருக்கிறார்கள், நல்ல எஃகு. கோர்க்கும்போது ஒரு பக்கம் தளர்ந்தால் பந்து முட்டையாகிவிடும். உருட்டிப் பார்த்தால் தெரியும், லேஸ் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு குதி குதிக்கும். என் மச்சான் பொறுமையாக உட்கார்ந்து அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். அப்புறம்தான் உருண்டை வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் இந்த வேலையைச் செய்ய அந்தக் காலத்தில் கிளப்புக்கு ஓர் ஆள் இருந்திருப்பார். உங்களுக்கு நீங்கள்தான்.

எடை விஷயத்தில் எல்லோரும் ஒரு கட்டுக்கதை சொல்வார்கள், பழைய பந்து கல் மாதிரி கனக்கும் என்று. உலர்ந்த பந்துக்கு அது பொருந்தாது. அன்றைய விதி 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 370 முதல் 425 கிராம். இன்றைய விதி 410 முதல் 450. கணக்குப்படி புளூமர் உதைத்த உலர்ந்த பந்து இன்றைய பந்தைவிட லேசு. 1937-இல்தான் எடையை 14 முதல் 16 அவுன்ஸாக உயர்த்தினார்கள். சமையலறைத் தராசில் வைத்தபோது இந்தப் பந்து 415 காட்டியது. விதிக்குள் இருக்கிறது, அந்த மட்டில் தயாரிப்பாளருக்கு ஒரு சபாஷ்.

ஈரத்தில்தான் கதை மாறும். மார்க்கீட்டன் பூங்காவில், இரவெல்லாம் மழை பெய்து விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஏழெட்டுப் பேர் ஆடினோம். அரை மணி நேரத்தில் பந்தின் நிறம் மாறியது, சத்தமும் மாறியது. வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் 600-ஐ நெருங்கியது. மைதானத்தில் அது நனைந்த மணல் மூட்டை மாதிரி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. உயரத் தூக்கி அடித்தால் பாதி வழியில் இறங்கிவிடும். பாதத்தின் உள்பக்கத்தால் வளைத்து அடிப்பதெல்லாம் நடக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் யாரும் சொல்லாமலேயே எல்லோரும் தரையோடு தரையாக, பந்து வந்த வேகத்திலேயே, காலைப் பின்னால் அதிகம் ஓங்காமல் அடிக்க ஆரம்பித்துவிட்டோம். அப்படி அடித்தால்தான் சேற்றில் வழுக்கிக்கொண்டு போகிறது.

புளூமரைப் பார்த்தவர்கள் எழுதி வைத்ததும் இதைத்தான். பந்தை நிறுத்தி, பார்த்து, அடிக்கிற ஆள் இல்லை. இரண்டு காலாலும், வந்த பந்தை வந்தபடியே, புல்லை உரசிக்கொண்டு போகும்படி அடிப்பார். கோல்காவலர் குனிவதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். இது ஏதோ தனி அழகு என்று நான் நினைத்திருந்தேன். நனைந்த தோல் பந்தோடு அரை நாள் ஆடினால், அன்றைய பொருளுக்கு ஏற்ற மிகக் கச்சிதமான தொழில்நுட்பம் அது என்று புரிந்துவிடுகிறது. 140 பவுண்டில் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் இந்த ஒன்றுதான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1925 வரை ஆஃப்சைடு விதி இன்றையதைவிடக் கடுமை. பந்தை வாங்க முன்னால் நிற்கிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேர் இருக்க வேண்டும், இன்று இரண்டு போதும். 1912 வரை கோல்காவலர் தன் பாதி மைதானம் முழுவதும் கையால் பந்தைத் தொடலாம். இந்த விதிகளுக்குள், இந்தப் பந்தோடு, அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் மட்டும் 314 கோல். இங்கிலாந்தின் உச்ச டிவிஷனில் இன்றுவரை அவரை மிஞ்சியவர் ஜிம்மி கிரீவ்ஸ் ஒருவர்தான். ஷியரர், கேன் எல்லாம் கீழேதான். பிரீமியர் லீக் 1992-இல் பிறந்ததோடு கால்பந்தும் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும் என் மகனின் நண்பர்களிடம் இதைச் சொன்னால் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்கிறார்கள்.

பந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளைத் தலையால் முட்ட விடாதீர்கள். லேஸ் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் கிழியும், அது சின்ன விஷயம். நனைந்த பந்தின் எடை பெரிய விஷயம். வெஸ்ட் பிரோம்விச் வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002-இல் இறந்தபோது, பந்தைத் தலையால் முட்டி முட்டி வந்த மூளைப் பாதிப்பு, அதாவது தொழில்முறை நோய், என்றே மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். ஆஸ்டில் ஆடியது புளூமருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. பத்து வயசுப் பையனுக்குப் பரிசாக வாங்குவார்கள் என்று தெரிந்தே விற்கிற பொருளில் இது குறைதான்.

பூட்ஸுக்கு வருவோம். கணுக்கால் வரை ஏறும் பழுப்பு பூட்ஸ், கெட்டியான டோ கேப், அடியில் வழுக்காமல் இருக்கத் தோல் வில்லைகளை அடுக்கி ஆணி அடித்த குமிழ்கள், அதாவது ஸ்டட். படத்தில் பார்க்க அட்டகாசம். அப்பரின் விளிம்பைப் பார்த்தேன், நடுவில் அதே நீலச் சாம்பல் கோடு. குரோம் தோல், மேலே தடித்த பினிஷ். தண்ணீர் விட்டால் உருண்டு ஓடுகிறது, உறிஞ்சவே இல்லை. பந்துக்கு அவ்வளவு நியாயமாக இருந்துவிட்டு பூட்ஸில் ஏன் கை வைத்தார்களோ தெரியவில்லை. சரி, தோலை மன்னித்துவிடலாம். சோல் விஷயம் மன்னிக்க முடியாது. வெளியே தெரிவது தோல், உள்ளே இன்சோல் அழுத்திய அட்டை. நனைந்ததும் அட்டை ஊதிவிட்டது. ஸ்டட்டின் ஆணி அட்டையைத் துளைத்துக்கொண்டு உள்ளே தலைகாட்டியது. மச்சான் இடது காலைத் தூக்கிக்கொண்டு, "மாமா, இது பூட்ஸா, முள்படுக்கையா?" என்று மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைய விதியிலேயே ஆணி தோல் பரப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று இருந்தது, ஆட்டத்துக்கு முன் நடுவர் பூட்ஸைத் திருப்பிப் பார்க்கலாம். இந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு புளூமர் வந்திருந்தால் நடுவர் வெளியே அனுப்பியிருப்பார்.

அளவும் சரியில்லை. 8 என்று போட்டிருப்பது ஏழரைதான், அகலமும் குறைவு. நம் ஊர்க் கால் செருப்பில் விரிந்து வளர்ந்த கால், இந்த லாஸ்டுக்குள் (பூட்ஸ் தைக்கும் கால் அச்சு) போகாது.

இதில் வருத்தம் என்னவென்றால், புளூமர் தன் பெயரை பூட்ஸ் விளம்பரங்களுக்குக் கொடுத்த முதல் தலைமுறை ஆட்டக்காரர்களில் ஒருவர். அதற்குக் காரணம் இருந்தது. 1901 முதல் ஆட்டக்காரர்களுக்கு வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. நாடே கொண்டாடினாலும் அதே 4 பவுண்டுதான். கிளப் விடாமல் வேறு கிளப்புக்குப் போகவும் முடியாது. விளம்பரத்தில் வரும் சில்லறைதான் மேல்வரும்படி. சிறுபுத்தகம் இதையெல்லாம் விட்டுவிட்டு, "பெரும் செல்வம் ஈட்டிய முதல் நட்சத்திரம்" என்று எழுதியிருக்கிறது. செல்வமாவது! கடைசிக் காலத்தில் அவர் டார்பி மைதானத்திலேயே சில்லறை வேலைகள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புத்தகத்தைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெட்டியின் விலையில் ஒரு பங்கு அதற்கு என்று விளம்பரத்திலேயே சொல்கிறார்கள்.

முதல் பக்கத்திலேயே "டார்பியின் மண்ணில் பிறந்த மைந்தன்" என்று இருக்கிறது. இல்லை. 1874 ஜனவரி 20-ஆம் தேதி, வோர்ஸ்டர்ஷையரில் கிராட்லி என்ற ஊரில் பிறந்தவர். இரும்பு வேலை செய்யும் குடும்பம். சின்ன வயதில் பிழைப்புத் தேடி டார்பிக்கு வந்தார்கள். பிழைப்புக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைதான் ஊரின் அடையாளமாகிப் போனார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கோல் கணக்கு. ஒரு பக்கத்தில் 332, இன்னொரு பக்கத்தில் 352, எது எதற்கு என்று விளக்கமே இல்லை. நான் சொல்கிறேன். லீக் ஆட்டங்களில் டார்பிக்கு 293, மிடில்ஸ்பரோ கிளப்புக்கு 59, கூட்டினால் 352. டார்பிக்கு எஃப்.ஏ. கோப்பை (தோற்றால் வெளியேறும் இங்கிலாந்துக் கிளப் போட்டி) முதலான ஆட்டங்களையும் சேர்த்தால் 332. அந்த 352 லீக் சாதனையை 1936-இல்தான் எவர்டன் வீரர் டிக்ஸி டீன் தாண்டினார். இவ்வளவுதான் விஷயம். இரண்டு வரியில் எழுதியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய ஓட்டை, மிடில்ஸ்பரோ என்ற பெயரே புத்தகத்தில் இல்லை. "வாழ்நாள் முழுவதும் ஒரே சட்டை" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். 1906 மார்ச்சில் டார்பி அவரை மிடில்ஸ்பரோவுக்கு விற்றது. பேசப்பட்ட தொகை 750 பவுண்டு. டார்பி ரசிகர்களுக்கு அது சாவு விழுந்த வீடு. மிடில்ஸ்பரோ அதற்கு முந்தைய வருஷம்தான் சண்டர்லாந்திலிருந்து ஆல்ஃப் காமனை 1000 பவுண்டுக்கு வாங்கி நாட்டையே வாய்பிளக்க வைத்திருந்தது, நான்கு இலக்கத்தில் கைமாறிய முதல் ஆட்டக்காரர் அவர். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோமோ என்ற பயத்தில் காசை அள்ளி வீசிய கிளப் அது. ஆக, 1906-இல் காமனும் புளூமரும் ஒரே முன்களத்தில். மறுவருஷம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது யார் தெரியுமா? புளூமரை விற்ற டார்பி. இந்தக் கதையை விட்டுவிட்டு ஒருவரின் ஆட்டக் கதையை எழுத எப்படித்தான் மனசு வந்ததோ.

1910-இல் அவர் திரும்பி வந்தார், வயது 36. 1912-இல் அவர் தலைமையில் டார்பி இரண்டாம் டிவிஷனை வென்று மேலே ஏறியது. டார்பிக்காக ஆடி அவர் வென்ற ஒரே லீக் பட்டம் அதுதான். எஃப்.ஏ. கோப்பை விஷயத்தில் அவருக்குக் கொடுப்பினை இல்லை. 1898 இறுதி ஆட்டத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 3-1 தோல்வி, டார்பியின் அந்த ஒரு கோல் அவருடையது. 1899-இல் ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 4-1. 1903-இல் பரி அணியிடம் 6-0, காயத்தால் புளூமர் அன்று ஆடவில்லை. கோப்பை இறுதியில் அவ்வளவு பெரிய தோல்வி மறுபடி வர 2019 ஆனது, மான்செஸ்டர் சிட்டி வாட்ஃபோர்டை அதே 6-0 கணக்கில் அடித்தபோது. புத்தகத்தில் இந்த மூன்று இறுதி ஆட்டங்களும் "கோப்பை இறுதிவரை சென்றார்" என்று ஒரே வரியில் முடிகின்றன. டார்பிக்காரர்கள் தோல்வியை மறைக்கிறவர்கள் அல்ல, பழைய மைதானத்திலிருந்து துரத்தப்பட்ட ஜிப்சிகள் விட்ட சாபம் என்று சொல்லித் தாங்களே சிரித்துக்கொள்கிறவர்கள்.

இங்கிலாந்து அணிப் பக்கம் மட்டும் பரவாயில்லை. 1895 மார்ச்சில் டார்பியிலேயே அயர்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம், 9-0 வெற்றியில் இவருக்கு இரண்டு கோல். 1896-இல் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக 9-1, அதில் ஐந்து இவருடையது. முதல் பத்து சர்வதேச ஆட்டங்களில் ஒன்றிலும் கோல் போடாமல் திரும்பவில்லை. இதெல்லாம் சரியாகவே அச்சாகியிருக்கிறது. யாரோ பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

கடைசிப் பக்கம்தான் எனக்குக் கோபம் வந்த இடம். "முதல் உலகப் போரில் நாட்டுக்காகப் போராடி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார்" என்று இருக்கிறது. புளூமர் சிப்பாயாகவே போகவில்லை. 1914 ஜனவரியில் நாற்பது வயதில் ஆட்டத்தை விட்டார். அந்த ஜூலையில் பயிற்சியாளர் வேலை கிடைத்து பெர்லினில் பிரிட்டானியா கிளப்புக்குப் போனார். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களில் போர் வெடித்தது. பிரிட்டிஷ் குடிமகன் என்பதற்காகவே பிடித்து, ரூலேபென் என்ற இடத்தில் குதிரைப் பந்தய மைதானத்தை முகாமாக்கி, லாயங்களில் ஆட்களை அடைத்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், எல்லாம் சாதாரண ஜனங்கள்: வியாபாரிகள், மாலுமிகள், மாணவர்கள், ஜாக்கிகள். அவர்களுக்கு நடுவில் தொழில்முறைக் கால்பந்துக்காரர்களே ஒரு கூட்டம். டாட்டன்ஹாம் கிளப்புக்கு 1901-இல் எஃப்.ஏ. கோப்பை வாங்கித் தந்த ஜான் கேமரன் அங்கே. பிற்காலத்தில் ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோ கிளப்பின் பெரிய பயிற்சியாளரான ஃப்ரெட் பென்ட்லண்டு அங்கே. முகாமுக்குள்ளேயே கால்பந்துச் சங்கம், லீக், கோப்பை, இங்கிலாந்து அணி என்று ஒன்று, உலக அணி என்று ஒன்று. நாற்பது தாண்டிய புளூமர் அங்கேயும் ஆடினார், கிரிக்கெட்டும் ஆடினார். 1918-இல்தான் நெதர்லாந்துக்குப் போக விட்டார்கள்.

வெளிநாட்டில் வேலை கிடைத்து, பெட்டி படுக்கையோடு போய் இறங்கி, அங்கே சட்டம் மாறி ஒரே நாளில் அந்நியனாகிப் போன மனுஷன். இதை "நாட்டுக்காகப் போராடி" என்று பூசி மெழுகுவதில் யாருக்கு என்ன லாபம்? உண்மைக் கதை இதைவிட எவ்வளவோ பெரியது. அதற்கு அப்புறமும் ஒரு கதை உண்டு, அதுவும் புத்தகத்தில் இல்லை. ஸ்பெயினுக்குப் போய் இருன் ஊரின் ரியல் யூனியன் அணிக்குப் பயிற்சியாளரானார். 1924-இல் ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரே இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி ரியல் மாட்ரிட்டை 1-0 என்று வென்றது. ஆட்டக்காரராக டார்பியில் எட்டாத கோப்பை, பயிற்சியாளராக ஸ்பெயினில் கிடைத்தது.

பேஸ்பால் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது, அது நன்றாகவே இருக்கிறது. டார்பியின் பழைய மைதானத்துக்கு ஏன் பேஸ்பால் கிரவுண்டு என்று பெயர் என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள். வார்ப்பட ஆலை முதலாளி ஃப்ரான்சிஸ் லே அந்த விளையாட்டை இங்கே கொண்டுவந்தார். டார்பி அணி 1890-களில் மூன்று முறை பிரிட்டனின் பேஸ்பால் சாம்பியன், அதிலும் புளூமர் ஆடினார். மைதானம் இப்போது இல்லை, வீடுகள் வந்துவிட்டன.

மீதிச் சாமான்கள்: அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வந்த வீரர் பட அட்டையின் நகல் ஒன்று, அச்சு மங்கல், சட்டம் போட்டு மாட்டலாம். டப்பின் (தோலுக்குப் பூசும் கொழுப்புப் பூச்சு) டப்பா ஒன்று, மூடியைத் திறந்தால் மெழுகும் சாயமும்தான், கொழுப்பே இல்லை. அதைப் பந்துக்குப் பூசாதீர்கள், தோல் மேலே படிந்து வெடிக்கும். குதிரைச் சேணக் கடையில் கிடைக்கும் சாதாரண டப்பின் போதும். நனைந்த பந்தை ஹீட்டர் பக்கத்தில் வைக்காமல், காற்றைப் பாதி இறக்கி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே மெல்லிசாகத் தடவுங்கள். தையல் நூலுக்கும் தடவ வேண்டும், நூல்தான் முதலில் போகும்.

விற்பனைக்குப் பிந்தைய சேவை சுமார். பூட்ஸ் ஆணிப் படத்தையும் விளிம்புப் படத்தையும் அனுப்பினேன். "காட்சிப் பொருள்" என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைக் காட்டினார்கள். ஆனால் விளம்பரத்தில் மைதானத்தில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிற படம் இருக்கிறதே என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து 30 பவுண்டு திருப்பினார்கள். புத்தகத்தின் தப்புகளைப் பக்கம் பக்கமாகக் குறித்து எழுதியதற்கு, அடுத்த பதிப்பில் கவனிப்பதாகப் பதில் வந்தது.

மகனுக்குப் பந்து பிடித்திருக்கிறது, பூட்ஸைத் தொடவே இல்லை. என் கணக்கில் பந்துக்கு ஐந்துக்கு நாலரை, பூட்ஸுக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்றரை. நீங்கள் வாங்குவதாக இருந்தால் காசு கட்டுவதற்கு முன் இரண்டு படம் அனுப்பச் சொல்லுங்கள்: பந்தின் வாயைப் பிரித்துத் தோல் விளிம்பு தெரிகிற மாதிரி ஒன்று, பூட்ஸின் இன்சோலைத் தூக்கி உள்ளே தெரிகிற மாதிரி ஒன்று. அனுப்ப மறுத்தால் வேறு கடை பாருங்கள்.